சித்தி வீதமும் காணி உரிமையும்: ஆனையிறவின் இருமருங்கும் ஒரு வரலாற்று நோக்கு

பரீட்சையொன்றின் பெறுபேறுகள் வெளியாகும் வேளையில் எல்லோரும் முதலில் வினவுவது எத்தனை வீதத்தினர் சித்தியெய்தினர் என்பதையே. கற்பித்தோரின் திறமும் கற்றோரின் முயற்சியும் வினாத்தாளின் கடுமையும் அந்த ஓர் எண்ணாலேயே அளவிடப்படுகின்றன. எண்ணுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. அது ஐயத்துக்கு இடமின்றிப் பேசுவதுபோலத் தோன்றும். ஆயின் வீதம் என்பது ஒரு பின்னமே என்பதை நாம் மறத்தலாகாது. அதன் தொகுதியெண் சித்தியெய்தியோரையும் பகுதியெண் பரீட்சைக்குத் தோற்றியோரையும் குறிக்கும். பரீட்சை மண்டபத்தின் வாயிலையே காணாதோர் தொகுதியெண்ணிலும் இல்லை, பகுதியெண்ணிலும் இல்லை. வரலாற்று மாணவன் கருத்தூன்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் இவர்களே.

காணியோடு தொடர்புடைய தொழில்களிலும் உரிமைகளிலும் இவ்வுண்மை எவ்வாறு வெளிப்பட்டுள்ளது என்பதை ஆனையிறவை நடுவாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆனையிறவைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. அதன் வடக்கே குடாநாட்டில் காணி பெரும்பாலும் உறுதிக்காணி; தெற்கே வன்னிப் பெருநிலத்தில் அது பெரும்பாலும் அனுமதிப்பத்திரக் காணி. ஒரு களப்பின் இருகரைகளிலும் இருவேறு காணிமுறைகள் நிலைபெற்றிருத்தலை ஈண்டுக் காணலாம்.

காணித் தொழிலும் பரீட்சையும்

காணி, வீடு ஆகியவற்றை விற்றுக்கொடுக்கும் தரகருக்கு அரசு உத்தரவுப்பத்திரம் வழங்கும் முறை அண்மைக் காலத்தது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் இதற்கென 1917இல் இயற்றிய சட்டம் நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. 1919இல் அச்சட்டம் திருத்தத்துடன் மீண்டும் இயற்றப்பட்டது. பிற மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. காலப்போக்கில் பரீட்சையும் உத்தரவுப்பத்திரத்தின் நிபந்தனையாயிற்று. தமிழர் கணிசமாக வாழும் சிங்கப்பூர் 2010இல் தனிச்சட்டமொன்றை இயற்றி, வீட்டுத் தரகுத் தொழிலை ஒரு மன்றத்தின் மேற்பார்வைக்குள் கொணர்ந்து, பரீட்சையிற் சித்தியெய்தியோரே அத்தொழிலைச் செய்யலாம் என வரையறுத்தது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டுச் சட்டம் முகவர்கள் பதிவுசெய்தலைக் கட்டாயமாக்க, மகாராட்டிர மாநிலம் 2023இல் அவர்களுக்கெனத் தகுதிப் பரீட்சையொன்றையும் ஏற்படுத்தியது.

இத்தகைய பரீட்சைகளின் சித்தி வீதம் எங்கும் இருவகையாக வாதிக்கப்படுகின்றது. வீதம் உயர்ந்திருப்பின், பரீட்சை வெறுஞ் சடங்கு. பொதுமக்களுக்கு அதனாற் காப்பில்லை என்பர் ஒரு சாரார். வீதம் தாழ்ந்திருப்பின், ஏற்கனவே தொழிலில் இருப்போர் தம் வருவாயைக் காத்துக்கொள்ள வாயிலைக் குறுக்கிவிட்டனர் என்பர் மறுசாரார். இரு வாதங்களிலும் உண்மை இருத்தல் கூடும். ஆயின் இரண்டும் வாயிலின் உட்புறத்தை மட்டுமே நோக்குகின்றன.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். பரீட்சைகள் இருவகைப்படும். ஒன்று தகுதிப் பரீட்சை. வரையறுத்த புள்ளியைப் பெற்ற அனைவரும் அதிற் சித்தியெய்துவர். மற்றையது போட்டிப் பரீட்சை. அங்கே இடங்களின் தொகை முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிடும். முன்னையதன் வீதம் தோற்றியோரின் ஆற்றலைப் பற்றி ஓரளவேனும் கூறும். பின்னையதன் வீதமோ பரீட்சை நடத்துவோர் எத்தனை இடங்களைத் திறந்துவைத்தனர் என்பதையே கூறும். இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் இவ்வேறுபாட்டை அனுபவத்தால் அறிவர். உயர்தரத்திற் சித்தியெய்துதல் வேறு, பல்கலைக்கழக அனுமதி பெறுதல் வேறு. 1970ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர்க்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூல மாணவர்க்கு 250 புள்ளிகளும் எல்லையாக வைக்கப்பட்டமை நாடறிந்த செய்தி. இடைப்பட்ட புள்ளிகளைப் பெற்ற தமிழ் மாணவன் தகுதியிற் குறைந்தவன் அல்லன். வாயில் அவனுக்குக் குறுகலாக அமைந்தது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது ஆனையிறவுக்குத் தெற்கே இன்னொரு விந்தை நிகழ்ந்தது. கிளிநொச்சியும் அதன் அயற்பிரதேசங்களும் 1984இல் தனி மாவட்டமாகும்வரை யாழ்ப்பாண மாவட்டத்துள்ளேயே அடங்கியிருந்தன. எனவே காடு வெட்டிக் குடியேறியோரின் பிள்ளைகள், நூற்றாண்டுப் பழைமை வாய்ந்த கல்லூரிகளின் மாணவரோடு ஒரே மாவட்டத்தினராகப் போட்டியிட நேர்ந்தது. எல்லைக்கோடு எங்கு இடப்படுகின்றது என்பதே சித்தியைத் தீர்மானிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தோம்பும் ஓலையும்

ஆனையிறவு என்னும் பெயர் யானைகளோடு தொடர்புடையது. வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆழங்குறைந்த இக்களப்பின் வழியே குடாநாட்டுக்குள் செலுத்தப்பட்டு யாழ்ப்பாணத்தில் வணிகர்க்கு விற்கப்பட்டன. ஒல்லாந்தர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு ஒரு சிறு கோட்டையை வைத்திருந்தனர். இதனோடு பெசுக்குட்டர், பைல் என்னும் வேறிரு காவற்கோட்டைகளும் சேர்ந்து குடாநாட்டின் தென்கிழக்கு எல்லையைக் காத்தன. ஆட்களும் பண்டங்களும் அனுமதி பெற்றே இவ்வெல்லையைக் கடத்தல் வேண்டும். ‘பாஸ்’ என்ற அயற்சொல் நம் பேச்சுவழக்கிற் கடவைக்கும் பயண அனுமதிக்கும் பரீட்சைச் சித்திக்கும் ஒருங்கே வழங்குதல் தற்செயலே எனினும் பொருத்தமற்றதன்று.

காணி உரிமையை எழுத்தில் வைத்தலும் ஐரோப்பியர் ஆட்சியில் விரிவுபெற்றது. போர்த்துக்கேயர் காலத்திலே தொடங்கி ஒல்லாந்தர் காலத்திற் பெருகிய தோம்புகள், காணியையும் அதற்குரியோரையும் இறைக்கடனையும் பதிவுசெய்தன. 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை பன்னிரு முதலிமாரால் பார்வையிடப்பட்டு உறுதிசெய்யப்பட்டது. காணி விற்போன் தன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணியாளருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்னும் மரபு அதிற் பதிவாகியுள்ளது. விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலிற் பகிரங்கப்படுத்தும் முறையும் அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது. கோவிற்பற்றுப் பாடசாலை ஆசிரியரே ஊரில் எழுத்துப்பணியையும் ஓலை முடிக்கும் பணியையும் ஏற்றிருந்தனர்.

அக்காலத்தில் இப்பணிக்கு இன்றைய பொருளிற் பரீட்சை இருந்ததில்லை. ஆயினும் ஒரு தேர்வு இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஆசிரியப் பதவியோ பிற அரச பதவியோ பெறுவதற்குச் சீர்திருத்தக் கிறித்தவத்தைத் தழுவியவனாகக் காட்டிக்கொள்ளுதல் வேண்டும். ஆகவே காணியை எழுதும் உரிமைக்கு முதல் வாயிலாக அமைந்தது சமயமே. இவ்வாயிலைக் கடந்தோர் தொகையைக் கணக்கிட்டு, அதனை எழுத்தறிவின் அளவாகக் கொள்ளுதல் எத்துணைப் பிழையானதோ, அத்துணைப் பிழையானதே பிற்காலச் சித்தி வீதங்களை ஆராயாது ஏற்றலும்.

1840ஆம் ஆண்டின் இரு சட்டங்கள்

பிரித்தானியர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டு காணி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டில் இயற்றப்பட்ட இரு கட்டளைச் சட்டங்களை இணைத்து நோக்குதல் வேண்டும். 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம், அசையா ஆதனத்தை விற்றலும் ஈடுவைத்தலும் எழுத்திலே, உத்தரவு பெற்ற நொத்தாரிசின் முன்னிலையில், இரு சாட்சிகளேனும் ஒருங்கிருக்க நிறைவேற்றப்படுதல் வேண்டும் என விதித்தது. 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டமோ, காடும் தரிசும் குடியிருப்பற்ற நிலமும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன எனக் கருதப்படல் வேண்டும் என்றது. இடைவிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களும், கண்டி மாகாணங்களுக்கு வெளியே, காடாகவே கொள்ளப்பட்டன.

முன்னைய சட்டத்தின் பயனை நுகரத்தக்க நிலையிற் குடாநாடு இருந்தது. அங்கே தோம்பு இருந்தது, எழுத்தறிந்தோர் இருந்தனர், சிறுசிறு துண்டுகளாக வேலியடைக்கப்பட்ட தோட்டங்கள் இருந்தன. பின்னைய சட்டத்தின் சுமையோ வன்னியின்மேல் விழுந்தது. அங்கே குளங்கள் உடைந்து கிடந்தன. மக்கள் தொகை அருகியிருந்தது. சேனைப் பயிர்ச்செய்கையும் காடுபடு பொருளும் வாழ்வுக்கு ஆதாரமாயின. 1895இல் வெளிவந்த லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இந்நிலையை விரிவாகக் காட்டுகின்றது. தலைமுறைகளாக ஒரு காட்டோரத்திற் சேனை செய்தவன், தன் உரிமையைத் தானே நிரூபித்தல் வேண்டும். வேறு விதமாகக் கூறின், அவன் பரீட்சை எழுதுமுன்னரே தவறியவனாகக் கொள்ளப்பட்டான். சித்தியை நிறுவும் பொறுப்பு அவனுடையதாயிற்று.

ஆனையிறவு தானும் இதற்கு விலக்கன்று. உப்பு, பிரித்தானிய ஆட்சியில் அரசின் தனியுரிமையாயிருந்தது. தன்னியல்பாக விளையும் உப்பை அள்ளுதற்கும் அனுமதி வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இங்கு அமைந்த பெரிய உப்பளம் அரச நிலத்தில் அரசின் தொழிலாகவே நடந்தது. அதனைச் சூழ வாழ்ந்தோர் அந்நிலத்தில் உழைத்தனர், உரிமை கொண்டாடவில்லை.

நொத்தாரிசுப் பரீட்சை

1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்திற்று. நொத்தாரிசாக விரும்புவோன் பயிற்சி பெற்றுப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். அவனுக்கு வழங்கப்படும் ஆணைப்பத்திரம் அவன் எந்த நியாயாதிக்க எல்லையுள், எந்த மொழியில் உறுதி எழுதலாம் என்பதைக் குறிப்பிடும். காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்தல், எழுத்தறியாதோருக்கு உறுதியை வாசித்து விளக்குதல், மூலத்தை உரியவரிடம் கொடுத்து இணைப்பிரதியைக் காணிப் பதிவாளருக்கு மாதந்தோறும் அனுப்புதல், மூலப்பிரதியொன்றைத் தன்னிடம் பேணுதல் ஆகியன அவன் கடமைகள். 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களத்தின் வழிவந்த மரபில், உத்தரவு பெற்ற நில அளவையாளர் வரைந்த படமும் உறுதிக்குத் துணையாயிற்று.

இப்பரீட்சை தகுதிப் பரீட்சையே. தவறியவன் மீண்டும் தோற்றலாம். ஆகவே அதன் வீதத்தைக்கொண்டு ஓராண்டில் தோற்றியோரின் ஆயத்தத்தை மதிப்பிடுதல் முறையாகும். ஆனால் அம்மண்டபத்தை அடைவதற்கு முன்னர் வேறொரு வாயில் உள்ளது. இன்று நொத்தாரிசாக வருவோர் பெரும்பாலும் சட்டத்தரணிகளே. புறக்டர், அட்வகேற் என்னும் பழைய பிரிவு 1974 சனவரியில் நீங்கி இருசாராரும் சட்டத்தரணிகள் என ஒருங்கிணைந்தனர். சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரி அனுமதிப் பரீட்சை ஒரு பெருவழியாகும். அது போட்டிப் பரீட்சை. தகுதிப் பரீட்சையொன்று போட்டிப் பரீட்சையொன்றின் பின்னே மறைந்து நிற்கின்றது. பின்னையதன் உயர்ந்த வீதத்தைக் கண்டு மகிழ்வோர் முன்னையதன் குறுகிய வாயிலைக் காண்பதில்லை.

மொழியும் ஒரு வாயிலே. 1874இல் சட்டக்கல்விக் கழகம் தோன்றியது முதல் நெடுங்காலம் சட்டக்கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. தமிழிலும் சிங்களத்திலும் கற்றுத் தோற்றும் வாய்ப்புப் பின்னர் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு இறுதியில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டன. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் அவை பாராளுமன்றத்தின் முன் வந்தபோது பெரும் வாக்கு வேறுபாட்டால் நிராகரிக்கப்பட்டன. ஆங்கில அறிவு சட்டத்தரணிக்கு வேண்டும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் நொத்தாரிசின் கடமைகளுள் ஒன்று, எழுத்தறியாத விவசாயிக்கு அவன் மொழியில் உறுதியை விளக்குதல் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆங்கிலத்தில் நடத்தும் பரீட்சை, தோற்றியோரின் சட்ட அறிவோடு அவர் கற்ற பாடசாலையையும் சேர்த்தே அளக்கும். தருமபுரத்திலோ முழங்காவிலிலோ பயின்ற மாணவி ஒருத்தி அங்கே தவறுவாளாயின், அத்தவறு எதனைக் காட்டுகின்றது என்று நாம் வினவுதல் வேண்டும்.

காணிக் கச்சேரி

நொத்தாரிசுப் பரீட்சையிற் சித்தியெய்தியோர் எத்துணைத் திறம்படைத்தவராயினும், வன்னிக் குடியேற்றவாசிக்கு அவரால் ஆவது சிறிதே. ஏனெனில் அவனிடம் இருப்பது உறுதியன்று, அனுமதிப்பத்திரம்.

1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவின் விதந்துரைகளைத் தழுவி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அக்காலத்து விவசாய அமைச்சர் டி. எசு. சேனநாயக்கா இதன் முதன்மையான ஆக்குநர். விவசாயி கடன்பட்டுத் தன் காணியை இழந்துவிடாது காத்தல் இச்சட்டத்தின் நோக்கம். எனவே அனுமதிப்பத்திரக் காணியை விருப்பம்போல விற்கவோ ஈடுவைக்கவோ பிரிக்கவோ இயலாது. நோக்கம் நல்லதே. ஆனால் அதன் விளைவாக, அரசே நிரந்தர நிலக்கிழாராகவும் விவசாயி நிரந்தர விண்ணப்பகாரனாகவும் ஆயினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக்குளம் அமைக்கப்பட்டது. 1936 அளவில் கிளிநொச்சியிற் குடியேற்றம் தொடங்கி, குடாநாட்டின் காணியற்றோர் ஆனையிறவைக் கடந்து தெற்கே சென்றனர். இலங்கையின் குடியேற்றத் திட்டங்களிற் பொதுவாகத் தொடக்கத்தில் 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. பின்னர் அளவு குறைக்கப்பட்டது.

இக்காணிகளைப் பெறுவோரைத் தெரிந்த இடமே காணிக் கச்சேரி. அறிவித்தல் இடப்படும், விண்ணப்பங்கள் கோரப்படும், குறித்த நாளில் அதிகாரி முன்னிலையில் விண்ணப்பகாரர் ஒவ்வொருவராக அழைக்கப்படுவர். மணமானவனா, பிள்ளைகள் எத்தனை, வேறு காணி உண்டா, கமத்தொழில் தெரியுமா என்ற வினாக்கள் எழும். விடைகள் எழுதப்படும், தகுதி மதிப்பிடப்படும். வினாத்தாளும் விடைத்தாளும் இல்லையெனினும் இது பரீட்சையே என்பதில் ஐயமில்லை. வடபகுதியின் எளிய குடும்பங்கள் பலவற்றின் வாழ்வைத் தீர்மானித்த பரீட்சை இதுவாகும்.

ஆனால் இதன் இயல்பு போட்டிப் பரீட்சையின் இயல்பாகும். அளந்து கல்லிட்ட துண்டுகள் எத்தனையோ அத்தனை பேரே சித்தியெய்தலாம். நூறு துண்டுகளுக்கு நூற்றைம்பதுபேர் வரின் மூவரில் இருவர் சித்தியெய்துவர். ஆயிரம்பேர் வரின் பதின்மரில் ஒருவரே சித்தியெய்துவர். இரு வேளையிலும் விண்ணப்பகாரரின் உழைப்பும் தேவையும் ஒன்றே. வேறுபடுவது குளத்தின் கொள்ளளவும் திட்டத்தின் பரப்பும் அரசின் விருப்புமே ஆகும். இத்தகைய வீதத்தைக் கொண்டு மக்களை மதிப்பிடல் ஒண்ணாது, திட்டமிட்டோரை மதிப்பிடலாம்.

சித்தியெய்திய குடும்பத்துள்ளும் மற்றொரு தேர்வு ஒளிந்திருந்தது. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து, சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன் மகனையும், சகோதரிக்கு முன் சகோதரனையும் வைத்தது. இப்பாகுபாடு 2022ஆம் ஆண்டின் திருத்தத்தாலேயே நீக்கப்பட்டது. சீதனமாகப் பெண்வழியிற் காணி செல்லும் வழமையுடைய ஒரு சமூகத்தார், களப்பைக் கடந்து தெற்கே வந்ததும் ஆண்வழி அட்டவணைக்குள் அமைய நேர்ந்தது ஆழ்ந்து ஆராயத்தக்கது.

பின்னத்துக்கு வெளியே நின்றோர்

காணிக் கச்சேரிக்கு வந்து தவறியோரையேனும் ஏதோவொரு கோப்பிற் காணலாம். அங்கு வரும் உரிமையே அற்றோர் பெருந்தொகையினர் இருந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையகத் தமிழர் அரச காணிப் பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டிருந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்த மலையகக் குடும்பங்கள், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் காடு வெட்டிக் குடியமர்ந்தன. அவர்களின் உழைப்பால் விளைநிலம் பெருகிற்று, பத்திரம் பெருகவில்லை. அரச ஆவணங்களில் அவர்கள் அத்துமீறிக் குடியேறியோராகவே குறிக்கப்பட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தீர்வுபெற்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எந்தச் சித்தி வீதத்தைக் கணித்தாலும், அதன் பகுதியெண்ணில் இம்மக்கள் இடம்பெறமாட்டார்கள். வீதம் உயர்வாகத் தோன்றுவதற்கு ஓர் எளிய வழி, தவறக்கூடியோரை மண்டபத்துக்குள் விடாதிருத்தலே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

போரும் சான்றும்

1990இல் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டு, உப்பளமும் செயலிழந்தது. 1991இலும் 2000இலும் பெரும்போர்கள் நிகழ்ந்தன. 2000 ஏப்பிரலில் விடுதலைப் புலிகள் தளத்தைக் கைப்பற்றினர். 2002இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டு 2006இல் மீண்டும் மூடப்பட்டது. 2009 சனவரியில் இராணுவம் ஆனையிறவை மீளக் கைப்பற்றியது. இவ்வாண்டுகளில் இருதரப்பாரின் ‘பாஸ்’ நடைமுறைகளுக்கும் உட்பட்டே மக்கள் நடமாடினர். புலிகளின் நிருவாகம் தன் நீதிமன்றுகளையும் சட்டக் கல்லூரியையும் நடத்தியது. அந்நிருவாகத்தின் கீழ்ப் பெற்ற காணிப் பத்திரங்களை அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. ஆக, ஒரே காணிக்கு ஒரு வாயிலிற் சித்தியெய்தியவன் மறுவாயிலிற் சித்தியெய்தாதவனானான்.

மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்தன. பத்திரத்திற் பெயர் இருந்த கணவன் இறந்தோ காணாமலாகியோ போக, மனைவியர் உரிமையை நிலைநாட்ட வேண்டியவராயினர். 2016ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. 1983 மே 1ஆந் திகதி முதல் 2009 மே 18ஆந் திகதி வரை போர்ச்சூழல் காரணமாகத் தம் காணிக்குச் செல்ல இயலாதவருக்கு எதிராக, அக்காலத்தைப் பிறர் ஆட்சிக்காலமாகக் கணக்கிடலாகாது என்பது அதன் சாரம். தோற்ற முடியாதவனைத் தவறியவனாகக் கொள்ளலாகாது என்னும் நீதியை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

ஆயினும் அந்நீதி நிலைபெற்றுவிட்டதெனக் கூறுதற்கில்லை. 2025 மார்ச் 28ஆந் திகதி, 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வர்த்தமானி அறிவித்தலொன்று வெளியாயிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் பரப்புக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துள் முன்வருதல் வேண்டும். இன்றேல் அந்நிலம் அரசுடைமையாகப் பிரகடனப்படுத்தப்படலாம் என்பது அதன் பொருள். எதிர்ப்புகள் எழுந்தன, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அறிவித்தலும் மீளப்பெறப்பட்டது. உரியவருட் பலர் கடல்கடந்து வாழ, ஆவணங்கள் போரில் அழிந்துபோக, மூன்று மாத எல்லை குறித்தல், விடைத்தாளைப் பறித்துக்கொண்டு நேரத்தை அறிவித்தல் போன்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின் குரல் நூற்றெண்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் மறையவில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காணியோடு தொடர்புடைய எந்தச் சித்தி வீதத்தையும் ஏற்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும் என்பது பெறப்படும். முதலாவது, அது தகுதிப் பரீட்சையா, போட்டிப் பரீட்சையா என்பது. இரண்டாவது, தோற்றும் உரிமை எவர்க்கு மறுக்கப்பட்டது என்பது. மூன்றாவது, தவறியோருக்கு யாது நேர்ந்தது என்பது. இம்மூன்றாவதே இன்றியமையாதது. நொத்தாரிசுப் பரீட்சையில் தவறியவர் அடுத்தமுறை தோற்றலாம். காணிக் கச்சேரியில் தவறியவன் ஒரு தலைமுறைக் காலத்தை இழந்தான். குறித்த தவணைக்குள் சான்று காட்ட இயலாதவனோ காணியையே இழப்பான். இம்மூன்று தவறுதல்களும் ஏட்டில் ஒரே சொல்லாற் குறிக்கப்படலாம். வாழ்வில் அவை ஒன்றல்ல.

பரீட்சைகள் வேண்டா என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கல்லாத நொத்தாரிசின் கையில் விதவையின் காணி அழிந்துவிடும்; அளவையறியாதவன் கல்லிட்டால் அயலவர் பகைவராவர். ஆதலின் தகுதியைச் சோதிக்கும் பரீட்சை கடுமையாக இருத்தல் நன்று. ஆனால் உரிமையைப் பங்கிடும் இடத்திற் பரீட்சையின் மொழியைக் கையாளுதல் கூடாது. காணியற்றவன் தவறியவன் அல்லன்.

நம் வரலாற்று மாணவர்க்கு இத்துறையிற் செய்யத்தக்க பணிகள் உள. தேசிய சுவடிக்கூடத்தில் அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகள் உள்ளன. கச்சேரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் எஞ்சிய கோப்புகள் உள்ளன. காணிக் கச்சேரிகளில் நின்ற முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே வாழ்கின்றனர். காணி பெற்றோரின் பட்டியலை அரசு பேணும். காணி பெறாதோரின் பட்டியலை ஆக்குதல் பல்கலைக்கழகத்தின் கடமையாகும். அப்பட்டியல் ஆக்கப்படும்வரை வன்னியின் காணி வரலாறு தொகுதியெண் மட்டுமே எழுதப்பட்ட பின்னமாகவே இருக்கும்.